மீஞ்சூரிலிருந்து உலகம்

உலகத்தையே ஒரு பாடமாக எடுத்துக்கொண்டு கல்லூரியில் படிக்கிறார்கள் என்பது எனக்குச் சென்ற வருஷம்தான் தெரிய வந்தது. பூகோளம் தெரியும், சரித்திரம் தெரியும். பொருளாதாரம் இன்னதென்று புரியாவிட்டாலும் அப்படி ஒரு பாடம் இருப்பது தெரியும். இவை எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் போட்டுக் கிளறி, 'குளோபல் ஸ்டடீஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் அமெரிக்காவில். உலகியல் என்று தமிழில் சொல்லலாமென்றால் அது லௌகீகம் என்ற பொருளைக் கொடுத்துவிடுகிறது. உலகப் படிப்பு என்றே வைத்துக்கொள்வோம்.

செய்தியைக் கொண்டு வந்தவள் எங்கள் எதிர் வீட்டுப் பெண். அவளுடைய சித்தி குடும்பம் கலிபோர்னியாவில் இருக்கிறது. சித்தி மகள் அங்கே ஒரு கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து மேற்படி உலகப் படிப்பை எடுத்திருக்கிறாள். எதிர் வீட்டில் இதைப் பற்றி இரண்டு நாள் கவலையோடு பேசிக்கொண்டார்கள். அமெரிக்கா வரைக்கும் போய்விட்டு யாராவது கம்யூனிட்டி காலேஜில் படிப்பார்களா என்பது ஒரு கவலை. இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்பது இன்னொரு கவலை.

முதல் கவலைக்குக் காரணம் உண்டு. எதிர் வீட்டுப் பெண்ணே ஒரு கம்யூனிட்டி காலேஜில் ஒரு வருஷம் படித்துத் தேறியவள். சமுதாயக் கல்லூரி என்று நம் பக்கம் சொல்கிறார்கள். பிளஸ் டூவுக்குப் பிறகு மூன்று வருஷம் உட்கார்ந்து பட்டம் வாங்க வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை. ஆபீஸ் வேலைக்கான டிப்ளமாவை முடித்துக்கொண்டு, எண்ணூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் காகிதங்கள் சரிபார்க்கிற வேலையில் அமர்ந்துவிட்டாள். அவள் அப்பா டிரெய்லர் ஓட்டுகிறவர். ஏழைகள் சீக்கிரம் வேலைக்குப் போவதற்காக உள்ள இடம் அது என்பது அவர்கள் எண்ணம். சித்தி மகளுக்கு என்ன குறை?

இந்த விஷயத்தில் நான் நடுநிலையாகப் பேசத் தகுதி உள்ளவன் என்று நினைக்கிறேன். என் படிப்பு, பழைய கணக்கில் சொன்னால், இன்டர்மீடியட் அளவு. இரண்டு வருஷம் கல்லூரி. அதற்குமேல் குடும்பம் விடவில்லை. மீதியை வாடகை நூல் நிலையங்களிலும் பழைய புத்தகக் கடைகளிலும் படித்தேன். ஆகையால் பாதியில் நின்றவர்களுக்காக ஒருவர் கல்லூரி வைக்கிறார் என்றால் என் மனசு உடனே அவர் பக்கம் சாய்ந்துவிடும்.

நம் நாட்டில் அப்படி வைத்தது தமிழர்கள் வாழும் இடத்தில்தான். 1995ல் பாண்டிச்சேரி பல்கலைக்கழகம் முதலாவதைத் தொடங்கியது. மறுவருஷம் சென்னைக் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் ஒன்று ஆரம்பித்தது. சேவியர் அல்போன்ஸ் என்ற சேசு சபைத் துறவி இதையே தம் வாழ்வின் வேலையாக எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் பரப்பினார். 2009ல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2013ல் பல்கலைக்கழக மானியக் குழுவும் இதற்குத் தனித் திட்டங்கள் போட்டன. முதலில் வாழ்க்கைத் திறன்கள், பிறகு ஒரு தொழில், பிறகு அந்தத் தொழில் நடக்கிற இடத்திலேயே பயிற்சி. பள்ளிக்கூடத்தில் தோற்றவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். எதிர் வீட்டுப் பெண் அங்கே சேர்ந்தபோது நாலு பேர் எதிரில் வாய் திறக்கமாட்டாள். ஒரு வருஷம் கழித்து, ரேஷன் கடையில் எடை குறைந்ததற்காக அவள் கேட்ட கேள்வியில் கடைக்காரர் மறுபடி நிறுத்துப் போட்டார். அந்தக் கல்லூரியை நான் குறை சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவில் நடந்தது கொஞ்சம் வேறு. இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் 1901ல் ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஓரத்தில் ஆறு மாணவர்களை வைத்துத் தொடங்கினார்கள். தூரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போகப் பணமில்லாதவர்களுக்கு அதன் முதல் இரண்டு வருஷப் பாடத்தை ஊரிலேயே சொல்லிக்கொடுப்பது நோக்கம். 1947ல் ஜனாதிபதி ட்ரூமன் அமைத்த குழு, நாடு முழுவதும் இப்படிப்பட்ட கல்லூரிகள் வேண்டும் என்று சொன்ன பிறகு அவை பெருகின. ஆகவே அங்கே கட்டடத்துக்கு இரண்டு வாசல். ஒன்றில் நுழைந்தால் தொழில். மற்றதில் நுழைந்தால் சரித்திரமும் தத்துவமும் உலகமும். சித்தி மகள் இரண்டாம் வாசலில் நுழைந்திருக்கிறாள். நம் ஊரில் வைத்த கட்டடத்துக்கு அந்த வாசல் இல்லை.

டென்மார்க்காரர்கள் செய்ததை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. க்ருண்ட்விக் என்ற பாதிரியாரின் யோசனைப்படி 1844ல் ரொய்டிங் என்ற இடத்தில் ஒரு மக்கள் பள்ளி திறந்தார்கள். குளிர் காலத்தில் வயல் வேலை ஓய்ந்திருக்கும்போது குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் வந்து தங்கிப் படித்தார்கள். சரித்திரமும் தாய்மொழியும் பாட்டும்தான் அங்கே முக்கியம். பரீட்சை கிடையாது! அடுத்த வருஷம், 1845ல், அதே டென்மார்க் நம்முடைய தரங்கம்பாடியையும் வங்காளத்து ஸ்ரீராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரனுக்கு விற்றுவிட்டது. நம்மிடம் கோட்டையை விட்டுப் போனவர்கள் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்றை விட்டுப் போயிருக்கலாம் என்று எனக்கு ஒரு ஆதங்கம். முதல் மகாயுத்தம் முடிந்த பிறகு, 1921ல், எல்சினோர் நகரத்தில் பல தேசத்து வாலிபர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்து படிக்கிற சர்வதேச மக்கள் கல்லூரி ஒன்றையும் தொடங்கினார்கள். இங்கே ரவீந்திரநாதரின் விசுவபாரதி தொடங்கியதும் அதே 1921ல். கலிபோர்னியாவில் இன்று அண்டாவில் கிளறுகிறதன் பழைய அடுப்பு அங்கேயெல்லாம் இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து எதிர் வீட்டுப் பெண் ஒரு காகிதத்தோடு வந்தாள். சித்தி மகளுக்குக் கல்லூரியில் ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். தனக்குச் சம்பந்தமுள்ள ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, தொலைதூரத்துக் காரியங்கள் அந்த ஊரை எப்படித் தொடுகின்றன என்று எழுத வேண்டுமாம். அவள் மீஞ்சூரை எடுத்துக்கொண்டுவிட்டாள்! கேள்விகளைப் பட்டியல் போட்டு அனுப்பியிருந்தாள்.

"மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க. எனக்குப் பாதிக்குப் பதில் தெரியலை. பொறந்து வளர்ந்த ஊருதான், ஆனா தெரியலை" என்றாள்.

முதல் கேள்வி, உங்கள் ஊரில் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது. "கேன்ல வருது" என்று எழுதியிருந்தாள். பொய்யில்லை. ஆனால் கேனுக்கு முன்னால் கிணறு இருந்தது. கிணற்றின் கதைதான் மீஞ்சூரின் கதை.

கொசஸ்தலையாறும் ஆரணியாறும் பழங்காலத்தில் தடம் மாறி மாறி ஓடிப் போட்ட மணல் படுகை எங்கள் ஊர்ப் பூமி. மணலுக்கடியில் நல்ல தண்ணீர். 1966 முதல் 1969 வரை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு இந்தப் பக்கம் முழுவதும் நிலத்தடி நீரை ஆராய்ந்தார்கள். தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் என்று மூன்று கிணற்று வயல்களைக் குறித்தார்கள். பெரிய பம்புகள் வந்தன. பட்டணத்துக் குழாய்களுக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் போயிற்று. விவசாயிகளும் சும்மா இருக்கவில்லை. ஆளுக்கொரு மோட்டார் வைத்து இறைத்தார்கள்.

கடலோரத்து நிலத்தில் நல்ல தண்ணீர்தான் உப்புத் தண்ணீரை நெஞ்சில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. நல்ல தண்ணீரை இறைத்துவிட்டால் கடல் மண்ணுக்கடியிலேயே நடந்து உள்ளே வந்துவிடும். 1969ல் சுமார் 3 கிலோமீட்டர் வந்திருந்த உப்பு, 1983ல் சுமார் 9 கிலோமீட்டர் வந்துவிட்டது. இந்தப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் வருஷக் கணக்கு சொல்ல மாட்டார்கள். எந்தக் கிணற்றில் எப்போது பருப்பு வேகாமல் போயிற்று என்று சொல்வார்கள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 2010 ஜூலை 31ம் தேதி, பக்கத்துக் காட்டுப்பள்ளியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் திறந்தார்கள். நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர். ஹைதராபாத் கம்பெனி ஒன்றும் ஸ்பெயின் தேசத்துக் கம்பெனி ஒன்றும் சேர்ந்து கட்டியது. கடலை உறிஞ்சி, சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரித்து, நல்ல தண்ணீரைப் பட்டணத்துக்கு அனுப்பி, மிஞ்சிய அடர்ந்த உப்பு நீரைத் திரும்பக் கடலில் விடுகிறார்கள். ஐக்கிய நாட்டு நிபுணரில் தொடங்கி ஸ்பெயின்காரரில் வந்து நிற்கிற இந்தக் கதையை நான் சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். பாதியில் பேனாவை மூடி வைத்துவிட்டு, "எங்க பாட்டி சாகிற வரைக்கும் யாரோ கண்ணு வெச்சுட்டாங்க, அதான் கெணறு உப்பாயிடுச்சுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க மாமா" என்றாள்.

உங்கள் ஊர்ப் பக்கம் அயல்நாட்டுச் சம்பந்தமுள்ள இடம் உண்டா என்று இன்னொரு கேள்வி. அதற்கு 'இல்லை' என்று எழுதியிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீஞ்சூர் ஸ்டேஷனில் ஏறிச் சென்னைக்குப் போகிறவன் நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு, அத்திப்பட்டு புதுநகர், எண்ணூர், கத்திவாக்கம் என்று எண்ணிக்கொண்டு போனால் அடுத்தது விம்கோ நகர். விம்கோ என்றால் என்னவென்று அவள் நினைத்ததுண்டா? ஏதோ தலைவர் பேராக இருக்கும் என்று நினைத்தாளாம்.

ஐவர் க்ரூகர் என்று ஸ்வீடனில் ஒருவர் இருந்தார். தீக்குச்சி ராஜா என்று அவருக்குப் பெயர். பிரான்ஸ், ஜெர்மனி மாதிரி அரசாங்கங்களுக்கே கடன் கொடுத்துப் பதிலுக்குத் தீப்பெட்டி வியாபாரத்தில் சலுகையும் ஏகபோகமும் வாங்கியவர். 1922ல் இந்தியாவில் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரி உயர்ந்தது. வெளியிலிருந்து விற்றால் கட்டாது, உள்ளே வந்து செய்தால் கட்டும் என்று கணக்குப் போட்டு அவருடைய கம்பெனி 1923ல் இங்கே வைத்ததுதான் வெஸ்டர்ன் இந்தியா மாட்ச் கம்பெனி. அதன் ஆலைகளில் ஒன்று திருவொற்றியூரில் வந்தது. பெயரைச் சுருக்கினால் விம்கோ. க்ரூகர் 1932ல் பாரிஸ் நகரத்தில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார். அவருடைய கணக்குப் புத்தகங்களில் பாதி புளுகு என்று பிறகு தெரிந்தது. அதே வரிதான் சிவகாசிக்கும் வழி விட்டது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு மறுவருஷம் திரும்பினார்கள். ஒரு வரியில் இரண்டு ஊர் முளைத்தது. தினம் அந்த ஸ்டேஷனில் ரயில் நிற்கிறது, ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள்.

அடுத்த ஸ்டேஷன் திருவொற்றியூர். அங்கே 1955ல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் கட்டத் தொடங்கினார்கள். ரெட்டிச்சில் ஆலையை மூடிவிட்டார்கள். 1970க்குள் இங்கிலாந்தில் அந்த வண்டியே நின்றுபோயிற்று. பிள்ளை இங்கே பிழைத்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் துறைமுகம். 1914 செப்டம்பர் 22ம் தேதி ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் வந்து பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போயிற்று. இன்றைக்கும் கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்த்து 'சரியான எம்டன்' என்கிறோம். இங்கிலீஷ்காரன் ஆண்ட தமிழ் ஊரில் பர்மா எண்ணெயை ஜெர்மன்காரன் ஏன் கொளுத்தினான் என்று ஒரு பையனைக் கேட்டு, அவன் சரியாகப் பதில் சொல்லிவிட்டால், உலகப் படிப்பில் பாதி முடிந்தது.

வடக்கே போனாலும் இதேதான். பொன்னேரி வழியாகப் பஸ்ஸில் பழவேற்காடு போகலாம். டச்சுக்காரர்கள் 1613ல் கெல்டிரியா என்று அங்கே கோட்டை கட்டினார்கள். நம் நெசவாளிகளின் துணியை வாங்கிக் கிழக்கே கொண்டு போய்க் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் மாற்றினார்கள். துணி மட்டும் போகவில்லை. பஞ்ச காலத்தில் ஆயிரக்கணக்கான மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றிப் பட்டேவியாவுக்கு அனுப்பினார்கள். பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுலா போகிறவர்கள், வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளோடு படம் எடுத்துக்கொண்டு இறாலும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். கப்பலேறிப் போனவர்களுக்கு அங்கே கல் எதுவும் கிடையாது.

கேள்விகளுக்குப் பதில் போயிற்று. சித்தி மகளுக்கு நல்ல மார்க்கும் கிடைத்ததாம். எனக்குத்தான் அதில் ஒரு முள். மீஞ்சூரைப் பற்றிக் கலிபோர்னியாவில் ஒரு பெண் படிக்கிறாள். மீஞ்சூரில் இருக்கிற பெண் படிக்கவில்லை. இவள் யார்டில் தினம் நூறு காகிதம் பார்க்கிறாள். ஹாம்பர்க், பூசான், ஜெபல் அலி என்ற பெயர்கள் அவள் விரலில் தட்டச்சாகப் பறக்கின்றன. அவை எந்தக் கண்டத்தில் இருக்கின்றன என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. வேலைக்கு அது தேவைப்படவும் இல்லை.

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷன். "முதலில் வயிறு, அப்புறம்தான் வரைபடம். கஷ்டப்படுகிற வீட்டுப் பிள்ளைக்கு வெல்டிங் சொல்லிக்கொடு. உலக விவகாரமெல்லாம் டில்லியில் படிக்கட்டும்" என்றார். டில்லியில் படிக்கத்தான் செய்கிறார்கள். 1955ல் சப்ரு ஹவுஸில் சர்வதேச விவகாரங்களுக்கென்று ஒரு பள்ளி வைத்தார்கள். 1970ல் அது ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. பெரிய அறிஞர்களை உண்டாக்கிய இடம். தூதராகப் போகிறவனுக்கும் பத்திரிகையில் தலையங்கம் எழுதுகிறவனுக்கும் அது வேண்டியதுதான். ஆனால் யேமனில் குண்டு வெடித்தால் அவர்கள் ஒருவருடைய வீட்டிலும் அடுப்பு அணைந்துவிடாது.

யேமன் என்று சும்மா சொல்லவில்லை. எதிர் வீட்டுக்காரர் 2023 தீபாவளிக்கு முன்னால் கடன் வாங்கி இரண்டாவது டிரெய்லர் எடுத்தார். வண்டிக்கு மாலை போட்டு, எலுமிச்சம் பழம் நசுக்கி, தெருவுக்கே லட்டுக் கொடுத்தார்கள். அந்த டிசம்பரில் செங்கடலில் போகிற கப்பல்களை யேமனிலிருந்து ஹூதிகள் தாக்கவே, பெரிய கப்பல் கம்பெனிகள் சூயஸ் கால்வாயை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கின. பயணம் பத்து நாள், இரண்டு வாரம் என்று நீண்டது. கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. வந்தால் நாலு சேர்ந்து வரும், இல்லாவிட்டால் வராது. அவர் வண்டிக்கு வாரத்தில் ஐந்து நடை கிடைத்தது போய் இரண்டு நடை ஆயிற்று. மாசம் பிறந்தால் டியூ மட்டும் நிற்காமல் வந்தது. புது வண்டியை ஆறு மாதத்தில் நஷ்டத்துக்கு விற்றார். மகளுக்குப் பட்டப் படிப்புக்கென்று வைத்திருந்ததும் அதோடு போயிற்று.

இதற்கு அவர் சொன்ன காரணம் சனிப் பெயர்ச்சி. அந்த டிசம்பரில் சனிப் பெயர்ச்சியும் இருந்தது, அதை மறுக்க முடியாது.

மகள் மூலமாகத்தான் அவருக்குச் செங்கடல் தெரிய வந்தது. கேள்விப் பட்டியல் வந்த வாரத்தில் வீட்டில் இருந்த பள்ளிக்கூட அட்லாஸைத் திறந்து, சூயஸ் இங்கே, ஏடன் இங்கே, நம்ம காட்டுப்பள்ளி இங்கே என்று விரல் வைத்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் என் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

"சார், அது நிஜமா? எவனோ எங்கேயோ சுட்டதுக்கா என் வண்டி நின்னுச்சு?"

"அதுவும் ஒரு காரணம்தான் அண்ணே."

வெகு நேரம் பேசாமல் இருந்தார். "தெரிஞ்சிருந்தா மட்டும் என்ன பண்ணியிருப்பேன்? ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. ஆனா என் ராசிதான் சரியில்லைன்னு ஒண்ணரை வருஷமா யார் மூஞ்சியிலயும் முழிக்காம இருந்தேனே, அது மிச்சமாயிருக்கும்" என்றார்.

பாங்கி நண்பருக்கு நான் சொல்லத் தவறிய பதில் இதற்குள் இருக்கிறது. வெல்டிங் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். அந்த வெல்டிங் பட்டறைக்கு வேலை வருவதும் வராததும் எங்கெங்கே தீர்மானமாகிறது என்று வாரத்தில் இரண்டு மணி நேரம் சேர்த்துச் சொன்னால் பட்டறை இடிந்துவிடாது. புத்தகம்கூட வேண்டியதில்லை. ஒரு கிணறு, ஒரு தீப்பெட்டி, ஒரு கண்டெய்னர் போதும். கண்டெய்னரின் கதையையும் அன்று அவருக்குச் சொன்னேன். 1956 ஏப்ரல் 26ம் தேதி, ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பலில் ஐம்பத்தெட்டுப் பெட்டிகளை ஏற்றி, அமெரிக்காவில் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார் மால்கம் மக்லீன். அவர் கப்பல்காரர் அல்ல. லாரி ஓட்டி, லாரிக் கம்பெனி வைத்தவர். மூட்டை மூட்டையாக இறக்கி ஏற்றுவதைத் துறைமுகத்தில் காத்து நின்று பார்த்து அலுத்துப்போனவர்.

"லாரிக்காரனா!" என்று அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். இரண்டு தரம் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். இப்போது யார்டு வாசலில் வண்டி வரிசையில் நிற்கும்போது மற்ற டிரைவர்களுக்கு மக்லீன் கதை சொல்கிறாராம். ஐம்பத்தெட்டுப் பெட்டி ஐந்நூறு ஆகிவிட்டதாகக் கேள்வி.

போன ஆவணியில் அந்தப் பெண் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு மனு வாங்கி வந்தாள். சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம். வேலையை விடாமல் பட்டம் வாங்கலாம். பி.காம். எடுத்தால் யார்டிலேயே மேலே போகலாம் என்று அப்பாவுக்கு ஆசை. அது நியாயமான ஆசைதான். உலகப் படிப்பு என்று அந்தப் பட்டியலில் எதுவும் இல்லை. அவள் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என் மேஜையில் வைத்தே 'வரலாறு' என்று எழுதினாள். எழுதிவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைத் தேடிக்கொண்டே, "இதுல ஏமன் வருமா சார்?" என்று என்னைக் கேட்டார்.

"எந்த வருஷத்துப் பாடத்தில் என்று தெரியாது அண்ணே."

"வரலைன்னா நாம சேர்த்துப் படிச்சுக்கலாம்பா. நீ போடு" என்றாள் அவள்.

போட்டார். ராத்திரி லோடுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.